மேஸ்திரியின் பையில் ஆதார் அட்டைகள்: ஆலோசனை வேண்டுகிறேன்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பகுதியில், அடுக்ககத் தோட்டங்களைப் பராமரிக்கும் சிறு தொழில் நடத்தி வருகிறேன். மழைக்காலத்தில் புல் வெட்டவும் கிளை கழிக்கவும் மேஸ்திரி ஒருவர் மூலம் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வருவார்கள்.

சென்ற வாரம் ஒருவருக்குக் காலில் அரிவாள் பட்டு, மருத்துவமனையில் அடையாள அட்டை கேட்டபோதுதான், எல்லோருடைய ஆதார் அட்டைகளும் மேஸ்திரியின் பையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரே கட்டாக இருப்பது தெரிந்தது. முப்பதாயிரம் ரூபாய் முன்பணம் கழியும் வரை ஊருக்குப் போக முடியாதாம். நான் கொடுக்கும் கூலியில் அவர்கள் கைக்குப் போவது எவ்வளவு என்று இதுவரை கேட்டதே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல், ஏசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அட்டைகளை அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தேன். கூலியை அவரவர் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்த விரும்புகிறேன். ஆனால், மேஸ்திரியை விலக்கினால் ஊரிலுள்ள குடும்பத்தை நெருக்குவார் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். கொத்தடிமைகளை மீட்க அந்தச் சட்டப்படி அமைக்கப்படும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவை அணுகிய அனுபவமுள்ளவர்கள், தொழிலாளர்களுக்குப் பாதிப்பு வராமல் எப்படித் தொடங்குவது என்று வழிகாட்ட வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் எளிய பணி ஒப்பந்தப் படிவம் வைத்திருப்பவர்கள் அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.