எம்21.541, கியூ66.01 இரண்டும் ஒரே கிளெய்மில் போய் டினையல் ஆகியிருக்கிறது, எதை வைப்பது?

மலைக்கோட்டை_கோடர்
நான் மெடிக்கல் கோடர், ரீவொர்க் பக்கெட்டில் (திரும்பி வந்ததைச் சரிசெய்யும் பட்டியல்) ஒரு கிளெய்ம் (காப்பீட்டுக்கு அனுப்பும் பில்) வந்து மாட்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு ஆர்த்தோ கிளினிக், கமர்ஷியல் பேயர் (தனியார் காப்பீட்டு நிறுவனம்). டாக்டர் விசிட்டுக்கு 99214, அப்புறம் வலது பாதத்துக்கு எக்ஸ்ரே 73630-ஆர்டி. எதற்கும் இருக்கட்டும் என்று யாரோ எம்21.541 (பிறகு வந்த வலது பாதக் கோணல், அதாவது கிளப்ஃபுட்), கியூ66.01 (பிறவியிலேயே வந்த வலது பாதக் கோணல்) இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டார்கள். சிஓ-16 (தகவல் குறைவு அல்லது பிழை) என்று திரும்பி வந்தது, கூடவே எம்76. (எங்கள் ஏஆர் (பாக்கி வசூல்) தம்பி ஒருவர் எம்76-ஐ ஐசிடி (நோய்க் கோடு) புத்தகத்தில் தேடி, "குதிகால் தசைநாண் பிரச்சினை நோட்டில் எங்கேயும் இல்லையே" என்று கேட்டார். ஐசிடியில் எம்76 அந்த வகைதான், ஆனால் இங்கே வந்திருப்பது ரிமார்க் கோடு. டயக்னோசிஸ் விடுபட்டிருக்கிறது அல்லது செல்லாது என்று பேயர் சொல்கிறார்.)

அசெஸ்மென்டில் டாக்டர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வலது கால் கிளப்ஃபுட், ஈக்வைனோவேரஸ் (குதிகால் தூக்கி, பாதம் உள்ளே திரும்பிய வகை), வலி கூடிக்கொண்டே போகிறது. நோயாளிக்கு வயது அறுபதுக்கு மேல். இந்த வயதில் என்ன கன்ஜெனிட்டல், எம் கோடு போடு என்கிறார் க்யூஏ (கோடுகளைச் சரிபார்ப்பவர்). டிஎல் (டீம் லீடர்) கியூ என்கிறார். எதைப் போட்டாலும் ஒருவரிடம் எரர் வாங்குவேன் போல. யாராவது விளக்குங்களேன்.

நைட்ஷிஃப்ட்_நந்தினி
முதலில் இரண்டும் ஏன் சேர்ந்து போகாது என்று பாருங்கள். டேபுலரில் (ஐசிடியின் கோடு வரிசைப் பகுதி) எம்21-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 (இவற்றைச் சேர்த்துப் போடாதே) குறிப்பு இருக்கிறது, பிறவியிலேயே வந்த கை கால் கோணல்களான கியூ65-கியூ66, கியூ68-கியூ74 எல்லாம் அதில் அடங்கும். ஒரே பாதத்தின் ஒரே கோணலுக்கு இரண்டையும் போட்டால் பிறவியிலேயே வந்தது, பிறகு வந்தது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற மாதிரி.

வயதை வைத்து எம் போடச் சொல்வது தவறு. ஐசிடியில் பிறவிக் குறைகளுக்கான 17-ஆம் அத்தியாயத்தின் கைட்லைன் தெளிவாகவே சொல்கிறது, பிறவிக் குறை இன்னும் இருந்தால் எந்த வயதிலும் கியூ கோடு போடலாம். முழுக்கச் சரிசெய்து முடிந்துவிட்டது என்றால்தான் இசட்87.7 (முன்பு இருந்து சரியாகிவிட்ட பிறவிக் குறை) பக்கம் போக வேண்டும்.

வெறும் "கிளப்ஃபுட்" என்று மட்டும் இருந்தால் இன்டெக்ஸ் (நோய்ப் பெயரை வைத்துக் கோடு தேடும் பட்டியல்) கியூ66.89-க்குக் கொண்டுபோகும், அதில் வலது இடது கிடையாது. ஈக்வைனோவேரஸ் என்று எழுதியிருப்பதால் கியூ66.0-. 2019 அக்டோபர் 1 முதல் அதற்கு ஐந்தாவது எழுத்து கட்டாயம்: வலது 01, இடது 02. சில கிளினிக் டெம்ப்ளேட்டுகளில் இன்னும் பழைய நான்கெழுத்து கியூ66.0 உட்கார்ந்திருக்கும், கவனம். உங்கள் கேஸுக்கு என் ஓட்டு கியூ66.01.

வள்ளி_சிபிசி
நந்தினி, இன்டெக்ஸில் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். அதே கிளப்ஃபுட் தலைப்பில் "பாராலிடிக்" (வாதத்தால் வந்தது) என்று ஒரு வரி இருக்கிறது, அது எம்21.54-க்குப் போகும். டாக்டர் எதுவுமே சொல்லாவிட்டால்தான் பிறவி என்று இன்டெக்ஸ் எடுத்துக்கொள்கிறது.

தம்பி, அசெஸ்மென்டோடு நிறுத்தாமல் பழைய மருத்துவ வரலாறு முழுவதையும் படித்தீர்களா? பக்கவாதம், போலியோ, நரம்பில் அடி, ஏதாவது இருக்கிறதா?

மலைக்கோட்டை_கோடர்
அக்கா, இருக்கிறது! ஹிஸ்டரியில் ஒரே வரி: சிறு வயதில் போலியோ. அதற்கு மேலே இன்னொரு இடத்தில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலுக்கு மாவுக்கட்டு போட்டார்கள் என்று. அப்போது எம்21.541, பின்னால் பி91 (போலியோவின் பின்விளைவு), சரிதானே?

வள்ளி_சிபிசி
அவசரப்படாதீர்கள். மாவுக்கட்டு பிறவிக் கோணலுக்கும் போடுவார்கள், போலியோவுக்குப் பிறகும் போட்டிருக்கலாம். போலியோவால்தான் கால் இப்படி ஆனது என்று டாக்டர் எங்கே எழுதியிருக்கிறார்? அந்த முடிச்சை நீங்கள் போடக்கூடாது, க்யூஏவும் போடக்கூடாது. டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள்.

க்வெரியில் "இது போலியோவால்தானே?" என்று கேட்காதீர்கள், அது லீடிங், பதிலை நாமே எடுத்துக் கொடுப்பது. நோட்டில் இருக்கும் இரண்டு வரிகளையும் அப்படியே எடுத்துப் போட்டு, இந்தக் கோணலின் காரணத்தைத் தெளிவுபடுத்துங்கள் என்று கேளுங்கள்: பிறவியிலேயே இருந்தது, போலியோவின் பின்விளைவு, வேறு காரணம், சொல்ல இயலவில்லை. எந்தக் கோடுக்கு எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சே அதில் வரக்கூடாது.

போலியோ என்று பதில் வந்தால் எம்21.541 முதலில், பி91 அடுத்து. பி91-க்குக் கீழேயே, அதனால் வந்த பாதிப்பை முதலில் போடு என்று குறிப்பு இருக்கிறது. ஏ80 பக்கம் போகாதீர்கள், அது இப்போது நடக்கும் போலியோவுக்கு. போலியோ என்ற வார்த்தையைப் பார்த்ததும் சிலர் ஜி14-ஐயும் சேர்ப்பார்கள். அது போஸ்ட்போலியோ சிண்ட்ரோம், டாக்டர் அப்படி எழுதவில்லை, போதாததற்கு பி91-க்கும் அதற்கும் நடுவில் எக்ஸ்க்ளூட்ஸ்1 வேறு.

ஏஆர்_அண்ணாச்சி
கோடு முடிவானதும் புதுக் கிளெய்மாக அனுப்பித் தொலைக்காதீர்கள், டூப்ளிகேட் என்று மறுபடி அடிப்பார்கள். கிளெய்ம் படிவத்தின் 22-ஆம் பெட்டியில் 7 (பழைய கிளெய்முக்குப் பதில் இது என்று அர்த்தம்), பக்கத்தில் பேயர் கொடுத்த பழைய கிளெய்ம் நம்பர். 24ஈ-யில் இரண்டு வரிக்கும் பாயிண்டர் (எந்த வரிக்கு எந்த டயக்னோசிஸ் என்று காட்டுவது) சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், டயக்னோசிஸை மாற்றிவிட்டு பாயிண்டரை அப்படியே விட்டு வரும் கிளெய்ம்கள் எனக்குத் தினமும் வருகின்றன. இது கமர்ஷியல் என்பதால் 7. மெடிகேர் பார்ட் பி-யில் (அமெரிக்க அரசுக் காப்பீடு) அந்த 7 செல்லாது. கரெக்டட் கிளெய்முக்கு எத்தனை நாள் கெடு என்று அந்த பேயரின் மேனுவலில் இப்போதே பாருங்கள், டாக்டர் க்வெரிக்குப் பதில் போட எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்ல முடியாது.

மலைக்கோட்டை_கோடர்
அப்டேட்: டாக்டர் தேதி, கையெழுத்தோடு அடெண்டம் (நோட்டில் பின்னர் சேர்க்கும் குறிப்பு) போட்டுவிட்டார். சிறு வயது போலியோவின் பின்விளைவாக வந்த ஈக்வைனோவேரஸ், பிறவிக் குறை அல்ல என்று. எம்21.541, பி91, 22-இல் 7, அனுப்பியாயிற்று. "நான் அன்றைக்கே சொன்னேனே" என்கிறார் க்யூஏ.

வள்ளி_சிபிசி
அவர் சொன்ன காரணம் வயது. ஆடிட் ஷீட்டில் அதை மாற்றி, அடெண்டம் தேதியைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள் தம்பி. இல்லையென்றால் அடுத்து வரும் நாற்பது வயது கியூ66.02-க்கும் இதே சண்டைதான்.