ட்ரிப்யூட் பேண்ட்: பதிவில் உள்ளபடியே வாசிக்கணுமா, மேடையில் பாட்டைத் திறந்துவிடலாமா?

பழையதட்டு:
ட்ரிப்யூட் பேண்ட் (பிரபல குழு ஒன்றின் பாட்டுகளை வாசிக்கும் குழு) என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரே பாட்டை 18 நிமிடம் இழுப்பது எனக்கு உடன்பாடில்லை. வருகிறவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். அதைக் கேட்கத்தான் வருகிறார்கள். மேடையில் கிடைப்பது என்ன? இ மிக்ஸோலிடியன் என்ற ஸ்கேலில் (சுர வரிசையில்) ஒரே கார்டு (சுரக்கூட்டு). இரண்டு கிட்டாரும் 12ஆவது ஃப்ரெட் பக்கமே மோதிக்கொள்கின்றன. டிரம்மர் 8 பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை ஃபில் (இடைவெளியை நிரப்பும் சிறு உருட்டு) போடுகிறார். எல்லாரும் சேர்ந்து சத்தத்தை ஏற்றி, சேர்ந்தே இறக்குகிறார்கள். மூலத்தின் பார்ட்டை ஒழுங்காகப் படிக்காததை மறைக்கத்தான் இது உதவுகிறது.

நாலுதந்தி:
நீங்கள் திட்டுவது மோசமான ஜாமை (மேடையிலேயே கற்பனையாக நீட்டி வாசிப்பதை). அதில் எனக்கும் சம்மதமே. ஆனால் "பதிவில் உள்ளபடி" என்றால் எந்தப் பதிவு? அமெரிக்க ராக் குழு கிரேட்ஃபுல் டெட்டின் ‘டார்க் ஸ்டார்’ 1968இல் சிங்கிளாக வந்தபோது 3 நிமிடம்கூட இல்லை. 1969 பிப்ரவரி 27 அன்று ஃபில்மோர் வெஸ்டில் வாசித்து ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் சேர்த்தது சுமார் 23 நிமிடம். இன்னொரு ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸின் ‘விப்பிங் போஸ்ட்’ ஸ்டுடியோவில் 5 நிமிடச் சொச்சம். 1971 ஃபில்மோர் ஈஸ்ட் ஆல்பத்தில் அதுவும் சுமார் 23. மேடைக்கு மேடை மாறுவதுதான் அந்தப் பாட்டுகளின் இயல்பு. 2013இல் தொடங்கிய ஜோ ரூஸோஸ் ஆல்மோஸ்ட் டெட் அதைத்தான் செய்கிறது: டெட்டின் பாட்டுகளை எடுத்து, டெட் போகாத வேகத்துக்கும் திருப்பத்துக்கும் கொண்டுபோகிறது.

பழையதட்டு:
டெட்டைக் காட்டி எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது, நண்பரே. ‘போஹிமியன் ராப்சடி’யின் ஓபரா பகுதியை அதைப் படைத்த குவீன் குழுவே மேடையில் பாடவில்லை, டேப்பை ஓடவிட்டார்கள். அப்படி அடுக்கடுக்காகக் கட்டிய பாட்டில் எதைத் திறப்பீர்கள்? டெட் பக்கமே பார்த்தாலும் 1997இல் சிகாகோவில் தொடங்கிய டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. பழைய கச்சேரி ஒன்றின் பாடல் வரிசையை அப்படியே எடுத்து, அந்த ஆண்டின் அரேஞ்ச்மென்ட்டுக்கு ஏற்ப வாசிக்கிறார்கள். மரியாதை என்றால் அது.

நாலுதந்தி:
வரிசை பழசு, ஆனால் அதற்குள் அவர்கள் வாசிக்கும் சோலோ (தனி வாசிப்பு) அன்றன்றைக்குப் புதுசு. சுரத்துக்குச் சுரம் நகல் எடுப்பதில்லை. உங்கள் உதாரணமே என் பக்கம்தான் நிற்கிறது.

டிரம்ஸ்டூல்:
இரண்டு பேரும் கொள்கை பேசுகிறீர்கள். மேடையில் ஜாம் உடைவது பெரும்பாலும் பாட்டுக்குத் திரும்பி வரும் இடத்தில். ‘விப்பிங் போஸ்ட்’ ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் வாசிப்பு வரியை) எடுத்துக்கொள்ளுங்கள்: 3+3+3+2, மொத்தம் 11. பாட்டு வரிகள் மூன்று மூன்றாகப் போகும் நடை. எண்ணும் ஒவ்வொரு தட்டின் (எய்த் நோட்) வேகம் இரண்டிலும் ஒன்றேதான். ஜாமிலிருந்து திரும்பும்போது கடைசி 2ஐ டிரம்மர் பழக்கதோஷத்தில் 3 ஆக்கிவிடுவார். பாஸ் 11இல் இருக்க, மற்றவர்கள் 12இல் இருக்க, அடுத்த பாரிலேயே ‘ஒன்று’ (பாரின் முதல் தட்டு) எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு வழி இருக்கிறது. பாஸ் மட்டும் ரிஃப்பை இரண்டு தடவை தனியாக வாசிக்கட்டும், டிரம்ஸில் ஹைஹாட் மட்டும். மூன்றாவது தடவை எல்லாரும் உள்ளே. தலையசைப்பை நம்பவே கூடாது. கீபோர்டுக்காரர் ஒலியை மாற்றும் ஆர்கன் டிராபாரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சைகை காதில் விழ வேண்டும். ரிகர்சலில் ஜாமை 10 நிமிடம் ஓட்டிப் பார்ப்பதைவிட, ஜாமின் கடைசி 8 பாரையும் திரும்பும் இடத்தையும் இருபது தடவை ஓட்டுவது மேல்.

கீபோர்டு மூலை:
டிரம்ஸ்டூல் சார் சொன்னதோடு ஒன்று: ஐந்து பேர் பேண்டில் எந்த நேரமும் ஒருத்தராவது வாசிக்காமல் இருக்கணும். ஆர்கனின் இடது கையும் பாஸும் இரண்டு கிட்டாரின் தடித்த தந்திகளும் 200 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் குவிந்தால் கூட்டத்துக்குக் கேட்பது வெறும் இரைச்சல். ஜாம் தொடங்கியதும் நான் சொல்லும் முதல் வேலை, கீபோர்டின் இடது கையை எடுத்துவிடுவது.

நாலுதந்தி:
ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமல் போவதிலும் இதே ஒழுங்கு வேண்டும். ஏ மிக்ஸோலிடியனிலிருந்து பி மிக்ஸோலிடியனுக்குப் போகணும் என்று வைப்போம். இரண்டுக்கும் பொதுவான சுரங்கள் ஐந்து: ஏ, பி, சி ஷார்ப், இ, எஃப் ஷார்ப். முதலில் எல்லாரும் ஜியையும் டியையும் விட்டுவிடுங்கள். பாஸ் எஃப் ஷார்ப்பில் உட்காரட்டும். இரண்டு ஸ்கேலிலும் எஃப் ஷார்ப் மைனர் கார்டு இருப்பதால் யாருக்கும் உறுத்தாது. 8 பார் கழித்து ஒருத்தர் மட்டும் ஜி ஷார்ப்பைத் தொடணும், பிறகு டி ஷார்ப். அதன்பின் பாஸ் பிக்கு இறங்கினால் புதுப் பாட்டு தானாக வந்து நிற்கும். பாஸ் அவசரப்பட்டு முதலிலேயே பிக்குத் தாவினால், இன்னும் ஜியில் இருக்கும் கிட்டாரோடு மோதும். கேட்கிறவர் அதைத் தப்பு என்றே எடுத்துக்கொள்வார், அப்படி எடுத்துக்கொள்வது சரியும்கூட.

பழையதட்டு:
இவ்வளவு திட்டமிட்டால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் இது எத்தனை பேண்டுக்குச் சாத்தியம்? விளக்கும் வீடியோவும் டைம்கோடில் (முன்பே குறித்த நேர சிக்னலில்) ஓடும் கச்சேரியில் எல்லார் காதிலும் கிளிக் (தாளம் எண்ணும் ஒலி). 16 பார் சோலோவை 40 ஆக்கினால் திரையில் அடுத்த பாட்டு வந்துவிடும். பிங்க் ஃப்ளாய்ட் ட்ரிப்யூட் பேண்டுகளுக்கு இதுதான் நடைமுறைச் சிக்கல். சோலோவே ஒரு மெட்டாக நிலைத்துவிட்ட பாட்டுகளும் உண்டு; அங்கே சுரம் மாற்றினால் பாட்டே போச்சு.

டிரம்ஸ்டூல்:
டைம்கோடை முழுப் பாட்டுக்கும் கட்டாதீர்கள். பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’யில் சாக்ஸ் சோலோ 7 பீட்டில், கிட்டார் சோலோ 4 பீட்டில். அந்த 4 பீட் பகுதி தொடங்கும்போது கிளிக்கையும் வீடியோவையும் நிறுத்தி, விளக்கைக் கையால் இயக்கட்டும். 7 பீட் ரிஃப் திரும்பும் முதல் பீட்டில் அடுத்த கியூவை (மீண்டும் ஓடவிடும் கட்டளையை) தட்டினால் எல்லாம் மீண்டும் சேர்ந்துவிடும். கியூவைத் தட்டுகிறவர் டிரம்மராக இருக்கணும், லைட் டெஸ்க்கில் இருப்பவர் இல்லை. அவருக்கு ரிஃப் கேட்கும்போது ஒரு பீட் போய்விட்டிருக்கும்.

பழையதட்டு:
சரி, 4 பீட் பகுதியைத் திறங்கள். சோலோவின் முதல் வரியை மட்டும் பதிவில் உள்ளபடியே வாசியுங்கள். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாலுதந்தி:
முதல் வரியைக் கடைசி வரியாக வைத்தால்? 40 பார் சுற்றிவிட்டு அந்த வரியில் இறங்கினால், அதுவே எல்லாருக்கும் ரிஃப்பின் சைகை.

பழையதட்டு:
அப்போது 39 பார் கேட்கிறவர் எந்தப் பாட்டு என்று தேடிக்கொண்டிருப்பார். முதலிலேயே வேண்டும்.