அப்பப்பாவின் பெற்றோல் தாங்கி

குழு: அப்பப்பா வீடு, முள்ளியவளை

*செப்டெம்பர் 14*

நான் (மாலை 6.10): எல்லோருக்கும் வணக்கம். அப்பப்பாவின் ஹொண்டா சி.டி. 125 மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியைக் கழற்றிவிட்டேன். படத்தில் தெரிவதுபோல, மூடியைச் சுற்றிப் பழைய சிவப்பு பெயின்ற் செதில் செதிலாக எழும்பியிருக்கிறது. அடியில், பெற்றோலைத் திறந்து மூடும் கொக் பூட்டும் இடத்தருகே விரல் நுனியளவு கறளும் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை வளவுக்குள் வைத்தே அடித்து முடிக்கலாம் என்று சிவப்பு ஸ்பிரே கான் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். பெரியப்பா, அரத்தாள் எந்த இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்?

பெரியப்பா (பரந்தன்) (6.42): தம்பி, அரத்தாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வெளியே விரல் நுனியளவு கறள் தெரிந்தால் உள்ளே உள்ளங்கையளவு இருக்கும். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரமானது. மூடி வழியாகக் கசிந்த மழைத் தண்ணீரும், தாங்கி பாதி வெறுமையாகக் கிடக்கும் இரவுகளில் உள்ளே வியர்க்கும் ஈரமும் பெற்றோலுக்குக் கீழே இறங்கி, கொக் இருக்கும் பள்ளத்தில்தான் போய்த் தங்கும். உள்ளிருந்து தின்றுகொண்டு வரும் அந்தக் கறளை விட்டுவிட்டு வெளியே எவ்வளவு நல்ல பெயின்ற் அடித்தாலும், ஒரு மாரி போவதற்குள் கொப்புளம் எழும்பி, நடுவில் ஊசித்துளை விழுந்து, சூடான எஞ்சினில் பெற்றோல் சொட்டும்.

பெரியப்பா (பரந்தன்) (6.51): இன்னொன்றையும் கவனமாகக் கேள். தாங்கி வெறுமையாகிவிட்டது என்று நினைத்து அதன் அருகில் யாரும் சுருட்டுப் பற்றவைக்கவோ கிரைண்டர் பிடிக்கவோ கூடாது. நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கிதான் ஆபத்தானது. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 வீதம் வரை பெற்றோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த தாங்கிக்குள் அதற்குரிய காற்று இருக்காது. வெறுந்தாங்கிக்குள் அந்தக் கலவை தானாகவே அமைந்துவிடும். ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதால் நிலத்தோடு தவழ்ந்து குசினி அடுப்புவரை வரும்.

அம்மா (6.58): அண்ணை சொன்னதை வாசித்ததும் தாங்கியைக் குசினிப் பக்கத்திலிருந்து எடுப்பித்துவிட்டேன். கிணற்றடியில் கழுவப் போனான், அதையும் மறித்துவிட்டேன். நாங்கள் குடிக்கிற தண்ணீரில் பெற்றோல் நாற்றம் வந்தால் எந்தக் கிணற்றுக்குப் போவது?

பெரியப்பா (பரந்தன்) (7.05): சரியாகச் செய்தாய், தங்கச்சி. தாங்கியில் மிஞ்சிய பெற்றோலையும் முதல் கழுவும் தண்ணீரையும் ஒரு பிளாஸ்ரிக் கானில் பிடித்து, மூடிக்கட்டி, நான் வரும்வரை வெயில் படாத இடத்தில் வைக்கட்டும். பிறகு சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரால் மூன்று தடவை கழுவி, மூடி, கொக் எல்லாம் திறந்தபடி ஒரு முழுநாள் காற்றாட விட வேண்டும்.

அதன் பிறகு கறளைக் கரைக்கச் சித்திரிக்கமிலம். ஒரு லீற்றர் சுடுதண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் போதும். கொக் துளையை அடைத்து, வாய்வரை நிரப்பி, ஓர் இரவு விடு. கறள் தடித்திருந்தால் இரும்புச் சுரைகள் (நட்டுகள்) கொஞ்சம் உள்ளே போட்டுக் குலுக்கு. ஆனால் எத்தனை போட்டாய் என்பதை எழுதி வை.

மச்சான் (ரொறன்ரோ) (7.30): எல்லாம் கழற்றியாகிவிட்டதென்றால் இந்தத் தடவை கறுப்பு நிறம் அடித்தால் என்ன? கறுப்பு மிக அழகாக இருக்கும்.

அம்மா (7.41): மாமிக்கு, அதுதான் உங்கள் அப்பம்மாவுக்கு, வாசித்துக் காட்டினேன். சிவப்பைத் தவிர வேறு நிறம் அடித்தால் தான் அந்த மோட்டார் சைக்கிளைத் திரும்பியும் பார்க்க மாட்டேன் என்கிறார்.

பெரியப்பா (பரந்தன்) (7.44): பதிவுப் புத்தகத்திலும் சிவப்பு என்றுதான் இருக்கிறது. நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் பதிய வேண்டும். சிவப்பே இருக்கட்டும்.

*செப்டெம்பர் 19*

நான் (காலை 9.15): பெரியப்பா, 12 சுரைகள் போட்டேன், 11 தான் வந்தன. ஒரு மணித்தியாலமாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்க்கிறேன். உள்ளே சத்தம் கேட்கிறது, வெளியே வருகுதில்லை.

பெரியப்பா (பரந்தன்) (9.20): சட்டத்தின் மேல் அமர்வதற்காகத் தாங்கியின் நடுவில் மேடு இருக்கிறது அல்லவா, அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மூடி வாயைக் கீழே பிடித்து, உன் பக்கமாகச் சரித்து, மெதுவாக உருட்டு. குலுக்காதே.

நான் (9.38): வந்துவிட்டது. உள்ளே இப்போது சாம்பல் நிறத்தில் தகரம் தெரிகிறது. அப்பச் சோடா கரைத்த தண்ணீரால் அலசி வெயிலில் வைத்துவிட்டேன்.

பெரியப்பா (பரந்தன்) (9.41): வெறும் தகரம் ஈரத்தோடு நின்றால் கண் முன்னாலேயே மஞ்சள் பூக்கும். காய்ந்தவுடன் ரூ ஸ்ட்ரோக் ஒயில் ஒரு முட்டைக்கோதளவு ஊற்றிச் சுழற்றி, மீதியை வடித்து, துளைகளை அடைத்துவிடு. வெளிப்புறத்தில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.

*செப்டெம்பர் 22*

நான் (பிற்பகல் 3.05): இந்தப் படத்தைப் பாருங்கள். சிவப்பை 120 இலக்க அரத்தாளால் தேய்த்தபோது கீழே ஒரு நீலம் வந்தது. தூரிகை போன தடம்கூட வரி வரியாகத் தெரிகிறது.

அம்மா (3.20): மாமி இதைப் பார்த்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். அது பழைய வீட்டின் முன்கதவுக்கு வாங்கிய பெயின்றில் மிஞ்சியதாம். யுத்தத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடும்போது மூடியடியில் வழிந்து வழிந்து நிறம் போய்விட்டதென்று அப்பப்பா தானே பூசினாராம்.

பெரியப்பா (பரந்தன்) (3.34): எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகையோடுதான் தண்ணீரூற்றுச் சந்தி தாண்டுவார். தம்பி, அந்த நீலத்தைக் கழற்றுமுன் இன்னும் இரண்டு படம் எடுத்து இங்கே போடு.

அக்கா (வவுனியா) (3.50): பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், தம்பி. உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய். வழியும் சேற்றைப் பழைய துணியில் துடைத்துப் பையில் கட்டு. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் வேண்டாம்.

*செப்டெம்பர் 28*

நான் (காலை 10.12): பெரியப்பா, மனம் உடைந்துபோய் எழுதுகிறேன். இன்று காலை பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். அடித்த கையோடு மேற்பரப்பில் மீன்கண் போல வட்டம் வட்டமாகப் பெயின்ற் விலகி, நடுவில் தகரம் தெரிகிறது. இருபதுக்கு மேல் எண்ணினேன். சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் அடித்தேன்.

பெரியப்பா (பரந்தன்) (10.15): எதனால் துடைத்தாய்?

நான் (10.16): மண்ணெண்ணெயால்.

பெரியப்பா (பரந்தன்) (10.29): அதுதான் காரணம். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் போகும்போது தன் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தொட்டாலும் இதே கதைதான். மனம் உடையாதே, இது தகரத்தில் வந்த பிழையல்ல, திருத்தலாம்.

பிரைமர் நன்றாகக் காயட்டும். பிறகு முழுவதையும் தேய்த்து எடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, மேலே தண்ணீர் ஊற்றிப் பார். எண்ணெய் இருந்தால் தாமரை இலையில் நிற்பதுபோல முத்து முத்தாகத் திரளும். சுத்தமென்றால் ஒரே படலமாக விரிந்து நிற்கும். விரியும்வரை கழுவு. உடனே துடைத்துக் காயவைத்து, பெயின்ற் கடையில் விற்கும் எண்ணெய் நீக்கும் திரவத்தை ஒரு துணியால் பூசி, அது காயுமுன் இன்னொரு சுத்தமான துணியால் எடு. அதன் பிறகு வெறுங்கை படக்கூடாது.

நேரத்தையும் பார்த்துக்கொள். விடியற்காலையில் ஈரம் அதிகம், பெயின்ற் வெளுத்துப்போகும். பத்து மணிக்குப் பிறகு சோளகம் எழும்பி கிரவல் வீதிப் புழுதியெல்லாம் உன் தாங்கியில் ஒட்டும். மதிய வெயிலில் தகரம் சுட்டால், பெயின்ற் படிந்து ஓடுமுன்னரே காய்ந்து சொரசொரக்கும். எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில், தறப்பாள் கட்டிய கொட்டிலுக்குள், நிலத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு அடி. ஒரு சாண் தூரத்தில், மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 முதல் 15 நிமிடம். தடித்த ஒரு பூச்சில் முடிக்க நினைத்தால் வழியும்.

நான் (10.40): அப்படியே செய்கிறேன். கடைசிப் பளபளப்புக்கும் கானில் வரும் கிளியரையே அடிக்கலாமா?

பெரியப்பா (பரந்தன்) (10.58): அதில்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாதாரண ஸ்பிரே கான் பெயின்றும் கிளியரும் கரைப்பான் ஆவியாகிக் காய்பவை. மறுபடி கரைப்பான் பட்டால் இளகும். பெற்றோல் நிரப்பும்போது சிந்தும் ஒவ்வொரு சொட்டும் அதற்குக் கரைப்பான்தான். போன தடவை மூடியைச் சுற்றிச் செதில் எழும்பியதற்கு அதுவே காரணம். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைக் கிளியர்தான் பெற்றோலைத் தாங்கும்.

அக்கா (வவுனியா) (11.06): பெரியப்பா, அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற்று என்ற இரசாயனம் இருக்கிறது. அடிக்கும்போது எழும் அதன் நுண்துளிகளைச் சுவாசித்து ஒரு தடவை ஒவ்வாமை பிடித்தால் பிறகு சிறிதளவு பட்டாலே தொய்வு வரும். துணி முகக்கவசமோ தூசிக் கவசமோ அதை மறிக்காது. பெயின்ற் அடிப்பவர்கள் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரி விடுதிக்கு வருவதைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், வீட்டில் அதை அடிக்க வேண்டாம்.

பெரியப்பா (பரந்தன்) (11.15): பிள்ளை சொல்வது முற்றிலும் சரி. நிறத்தை நீ வீட்டில் அடி. கிளியரை, வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வைத்து வேலை செய்பவர் ஒருவரிடம் இங்கே அடிப்பிக்கிறேன். உன்னுடைய சிவப்புக்கு மேல் அவருடைய கிளியர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, ஒரு பால்மா ரின் மூடியில் பிரைமரும் சிவப்பும் அடித்து முன்கூட்டியே அனுப்பு.

*ஒக்ரோபர் 3*

நான் (காலை 9.50): மீன்கண் ஒன்றுகூட இல்லை. பிரைமரை 600 இலக்கத்தால் தேய்த்து, இன்று எட்டு மணிக்குச் சிவப்பு மூன்று பூச்சு அடித்தேன். கிளியர் இல்லாததால் செம்மண் பூசியதுபோல மங்கலாக இருக்கிறது.

பெரியப்பா (பரந்தன்) (9.56): அப்படித்தான் இருக்க வேண்டும். ரின் மூடியில் கிளியர் சுருங்கவில்லை, நம்பி அனுப்பலாம். நிறம் அடித்த 24 மணித்தியாலத்துக்குள் கிளியர் ஏறினால்தான் நன்றாகப் பிடிக்கும். மதியம் கடந்ததும் பெட்டிக்குள் அடிப்பாகத்தில் அமரும்படி இறுக்கி, பெயின்ற் பட்ட பக்கங்களில் எதுவும் உரசாமல், புதுக்குடியிருப்பு வழியாக வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவா.

அம்மா (10.02): நானும் கூட வருகிறேன். ஜன்னல் பக்கத்து ஆசனம் அவனுக்கு, பெட்டி எனக்கு.

*ஒக்ரோபர் 12*

நான் (மாலை 5.25): கிளியர் அடித்து எட்டு நாள் முடிந்தது. இங்கே இன்று முதல் மழை இறங்கிவிட்டது. தாங்கியைப் பூட்டி, இரண்டு லீற்றர் பெற்றோல் ஊற்றினேன்.

பெரியப்பா (பரந்தன்) (5.31): கொக்கின் வாசர் புதியதுதானே? பழையது பெற்றோலில் ஊறி விறைத்திருக்கும்.

நான் (5.33): புதியதுதான், பெரியப்பா. மூடியின் றப்பர் வளையத்தையும் மாற்றிவிட்டேன்.

பெரியப்பா (பரந்தன்) (5.36): நல்லது. மோட்டார் சைக்கிளைக் குசினிக்குத் தூரத்தில், விறாந்தையின் மேற்கு மூலையில் நிறுத்தி, இரவு கொக்குக்குக் கீழே ஒரு வெள்ளைக் கடதாசி விரித்து வை. காலையில் அதைப் படம் எடுத்துப் போடு.

*ஒக்ரோபர் 13*

நான் (காலை 6.04): கடதாசி விரித்தபடியே வெள்ளையாக இருக்கிறது, பெரியப்பா.