‘ஸ்டெடி’க்கு இடத்துக்கேற்ற தமிழ்ச் சொற்கள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘ஸ்டெடி’ என்றால் அகராதியைப் பார்த்து ‘நிலையான’ என்று எழுதிவிடுகிறார்கள். வேலை, வருமானத்துக்கு அது சரி. ஏணியைப் பிடிப்பதென்றால் ஆடாமல், ஊசியில் நூல் கோக்கும் கை என்றால் நடுங்காமல், மழை என்றால் விட்டுவிட்டுப் பெய்யாமல் ஒரே சீராக. பார்வைக்கு எதைச் சொல்வது? ‘நிலைகுத்திய’ என்றால் உயிர் போனவர் கண் போல ஆகிவிடுகிறது, மனம் ஒப்பவில்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் ஸ்திரம் என்றால் உறுதி. மலையாளப் பேச்சில் ‘ஸ்திரம்’ பெரும்பாலும் வழக்கமாக, எப்போதும் என்ற பொருளில் வரும். இரண்டும் காதில் விழும் பிள்ளைகள் ‘ரெகுலர்’, ‘ஸ்டெடி’ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அப்புறம் ஸ்டேபிள், ஃபர்ம், கான்ஸ்டன்ட். முதலாவது எளிதில் கவிழாதது, அடுத்தது அழுத்தினால் இளகாதது, கடைசியது மாறாதது என்று பிரித்துச் சொல்கிறேன். இது போதுமா?

உங்கள் ஊர்ப் பேச்சில் இவற்றுக்கு வழங்கும் சொல்லை ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும். பார்வைக்கான சொல்தான் முதலில் தேவை.