ஹக்கிள்பெரி ஃபின்: இறுதிப் பகுதியை எப்படி வாசிப்பது?

அனைவருக்கும் வணக்கம். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ நாவல் அடிமைமுறையையும் நிறவெறியையும் முரண்நகையின் வழியே எவ்வாறு விமர்சிக்கிறது என்பது குறித்து ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அதன் இறுதிப் பகுதியில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

31ஆம் அத்தியாயத்தில், தப்பி வந்த அடிமை ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவித்து, அவரது உரிமையாளரான மிஸ் வாட்சனுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டு, கதைசொல்லியான சிறுவன் ஹக் நரகத்துக்கே போகத் துணிகிறான். தான் செய்வது பாவம் என்று அவன் மனமார நம்புவதும், அதுவே அவனுடைய ஆகச் சிறந்த செயல் என்று நாம் உணர்வதும் சேர்ந்து, அந்த மனசாட்சியை அவனுக்கு ஊட்டிய சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. அடுத்த அத்தியாயத்தில், நீராவிப் படகு விபத்தில் யாருக்கேனும் அடிபட்டதா என்று கேட்கும், ஜிம் அடைத்துவைக்கப்பட்டிருக்கும் பண்ணையின் சாலி அத்தை, ஒரு கறுப்பர் இறந்தார் என்று ஹக் புனைந்து சொன்ன பிறகும் ‘நல்லவேளை’ என்கிறார். இத்தனை அன்பான பெண்மணியின் வாயிலிருந்து அது வருவதுதான் என்னை உலுக்குகிறது.

ஆனால், மிஸ் வாட்சனின் உயிலின்படி ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றவர் என்று அறிந்தும் அதை மறைத்து, அவரது குடிசைக்குள் எலிகளையும் பாம்புகளையும் விட்டு ஹக்கின் நண்பன் டாம் சாயர் அவரை மீட்பதாக நடத்தும் நாடகத்தை எப்படிப் புரிந்துகொள்வது? 1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகும் கறுப்பின மக்களின் விடுதலை இழுத்தடிக்கப்பட்டதன் மீதான அங்கதமாக அதைக் கொள்ளலாமா, அல்லது அங்கே ஜிம்மின் மனிதத்தன்மையே கேலிப்பொருளாகிவிடுகிறதா? நான் இரண்டாவது பக்கமே சாய்கிறேன். இதுபற்றிக் கறுப்பின விமர்சகர்கள் எழுதியவற்றையும், தமிழில் வந்த கட்டுரைகள் இருப்பின் அவற்றையும் தெரிந்தவர்கள் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.