எல்இடி வாலில் (மேடைத் திரையில்) வீடியோ திக்குது, எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

பார்வதிபுரம்_வால்: வணக்கம். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் திருவிழா மேடைகளுக்கு வீடியோ ஓட்டுகிறேன். வால் வேறொருவருடையது, லேப்டாப்பும் கிளிப்புகளும் என்னுடையவை. போன வாரம் குளச்சல் பக்கம் ஒரு மேடை. சிங்காரி மேளம் உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து அடுத்த கிளிப்பைத் தட்டினேன். படம் அப்படியே உறைந்து நின்றது, அப்புறம் ஒரே தாவு. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டும் கிளிப்புகளில் ஒன்று மட்டும், ஓடினால் தொந்தரவில்லை. இரண்டாவது, மூன்றாவது சேர்ந்தால்தான் திக்குகிறது. கிளிப் எல்லாம் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்கில், சுழலும் வேகம் 5400 ஆர்பிஎம். 7200 வாங்கவா, எஸ்எஸ்டியா, அதிலேயே இன்னும் வேகமான என்விஎம்இயா? பத்து நாளில் அடுத்த வேலை இருக்கிறது.

தக்கலை_எடிட்டர்: யோசிக்கவே வேண்டாம் அண்ணே, என்விஎம்இ வாங்குங்க. பறக்கும்.

வடசேரி_அண்ணாச்சி: பறக்கட்டும் தம்பி, எது தடுக்கிறது என்று முதலில் பார்ப்போம். கிளிப் என்ன கோடெக், அதாவது எந்த முறையில் சுருக்கியது? எச்.264 என்றால் ஃபைல் சின்னதாக இருக்கும், டிஸ்குக்கு வேலையே இல்லை. பிரித்துக் காட்டும் சிபியுதான் மூச்சு வாங்கும். அதற்கு எந்த டிஸ்க் வாங்கியும் பயனில்லை. மூன்று லேயரையும் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் டிஸ்க், சிபியு இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பார்வதிபுரம்_வால்: எல்லாமே ஹாப் கோடெக், 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம். சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் 100இல் நிற்கிறது, ஆனால் வேகம் நொடிக்கு 34 எம்பிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

வடசேரி_அண்ணாச்சி: 34ஆ? அது பழைய யுஎஸ்பி 2 போகிற வேகம். டிஸ்க் பழசானாலும் 100ஐத் தொடும். கேபிளைப் பாருங்கள்.

பார்வதிபுரம்_வால்: அண்ணாச்சி, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. டிஸ்கோடு வந்த அகலமுனை கேபிளை ஏதோ மேடையில் விட்டுவிட்டேன் போல. பையில் கிடந்த பழைய போன் சார்ஜர் கேபிள் அந்த ஓட்டையின் ஒரு பாதியில் கச்சிதமாக உட்கார்ந்தது. டிஸ்கும் வேலை செய்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. இப்போது அகலக் கேபிள் போட்டேன். 105 வருகிறது. இரண்டு லேயர் சுத்தம். மூன்றாவது சேர்ந்தால் இன்னும் லேசாகத் திக்குகிறது.

வடசேரி_அண்ணாச்சி: திக்கத்தான் செய்யும். ஹாப்பில் ஒரு புள்ளிக்கு அரை பைட். 1920க்கு 1080 என்றால் ஃபிரேமுக்கு ஒரு எம்பிக்குச் சற்று மேல், நொடிக்கு 30 ஃபிரேமுக்கு 31 எம்பி. ஹாப்புக்குள் இருக்கும் ஸ்னாப்பி என்ற சுருக்கம் கொஞ்சம் குறைக்கும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மூன்று லேயருக்கு 93. டிஸ்க் 105 தருகிறதே என்பீர்கள். அது ஒரே ஃபைலை நேராக வாசிக்கும்போது. மூன்று ஃபைல் மூன்று மூலையில் கிடந்தால் டிஸ்கில் வாசிக்கும் ஹெட் ஓடி ஓடியே நேரம் போகும். 7200 வாங்கினாலும் இதே கதைதான். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு ஹெட்டே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல் தரும், உங்களுக்கு அது தாராளம். 4கே நான்கைந்து லேயர் ஓட்டுகிற காலம் வரும்போது என்விஎம்இ பற்றிப் பேசலாம்.

ஆமாம், வால் என்ன அளவு?

பார்வதிபுரம்_வால்: 12க்கு 8 அடி, பி3.9.

வடசேரி_அண்ணாச்சி: பி3.9 என்றால் புள்ளிக்குப் புள்ளி 3.9 மில்லிமீட்டர். அப்படியானால் குறுக்கே ஏறக்குறைய 930 புள்ளி, உயரத்தில் 620. அதில் போய் 1080பி ஓட்டுகிறீர்கள்! கிளிப்பை 928க்கு 624 ஆக மாற்றுங்கள். ஹாப்புக்கு இரண்டு அளவும் நாலால் வகுபட வேண்டும். லேயருக்கு 9 எம்பிகூட வராது.

தக்கலை_எடிட்டர்: ஆகா, இதை நான் யோசிக்கவே இல்லை.

கருங்கல்_சவுண்ட்: நடுவில் ஒரு வார்த்தை. டிஸ்கை பேஸ் பாக்ஸ் பக்கத்திலா வைத்தீர்கள்? அதிர்வில் ஹெட் தடம் விலகும், திரும்பத் திரும்ப வாசிக்கும். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ஜினியர் ஒருவர் டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று கத்தினார், டிஸ்குகளின் வேகம் குறைந்தது திரையில் தெரிந்தது. சிங்காரி மேளத்துக்கு முன்னால் அவர் சத்தம் எந்த மூலை! இன்னொன்று, கடற்கரை மேடை முடிந்தால் போர்ட்டைத் துடைத்து மூடி வையுங்கள். உப்புக்காற்று தகட்டைத் தின்றுவிடும்.

பார்வதிபுரம்_வால்: பேஸ் பாக்ஸ் மேலேயே வைத்திருந்தேன் அண்ணே.

மூன்று நாள் உட்கார்ந்து எல்லாக் கிளிப்பையும் மாற்றினேன். இப்போது அதே பழைய டிஸ்கில் மூன்று லேயரும் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் வீட்டு மேசையில். அதிர்வை நினைத்து 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி லேப்டாப்புக்குள்ளேயே போட்டுவிட்டேன். பழையது பேக்கப்புக்கு. அகலக் கேபிளைச் சிவப்பு இன்சுலேஷன் டேப் போட்டு அதோடேயே கட்டியாயிற்று.