பந்தி முடிந்த பிறகு இலையும் பாட்டிலும் எங்கே போகின்றன? பெரிய விழாக்களில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மண்டப மேலாளர், கடலூர்:

ஆயிரம் பேர் கூடும் கல்யாண மண்டபம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். மண்டபத்தில் சுற்றுச்சூழல் என்று பேச்சு வந்தால் பாக்குமட்டைத் தட்டு, துணி பேனர், தாம்பூலத்துக்கு மஞ்சப்பை என்று தொடங்குவார்கள். எல்லாம் வேண்டியதுதான், எங்களிடமும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, மண்டபத்துக் குப்பை நல்லபடியாகப் போய்ச் சேருமா சேராதா என்பது எச்சில் இலை எடுக்கிற அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

பந்தி எழுந்ததும் கவனித்துப் பாருங்கள். மேசையில் இலைக்கு அடியில் நீளமாகத் தாள் ரோல் விரித்திருப்பார்கள். ஒரு பையன் ஒரு கோடியில் நின்று சுருட்டத் தொடங்குவான். இலை, மீந்த சோறு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப்பு, பீடாவில் குத்திய பல்குச்சி, கை துடைத்த டிஷ்யூ எல்லாம் ஒரே சுருளாகிப் பின்கட்டுக்குப் போய்விடும். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார்கள், அவன் அவசரம் அவனுக்கு. அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் காலையில் அந்தச் சுருளைப் பிரிக்க வேண்டுமென்றால், புளித்து நாறும் சாக்குக்குள் ஒரு தூய்மைப் பணியாளர் கைவிட வேண்டும். யாரும் பிரிக்காவிட்டால் மாடு வந்து பல்குச்சியோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்த்துத் தின்னும்.

அந்த ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பிளாஸ்டிக் பொருள்களில் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று. தட்டு, கப்பு, கேரிபேக் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இது இருக்காது. கடையில் ‘பேப்பர்தான் சார்’ என்று கொடுப்பதில் ஒரு துண்டு கிழித்துத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். வெறும் காகிதம் என்றால் கூழாகும். பூச்சு இருந்தால் வெந்நீரில் போட்ட தக்காளித் தோல் போல மெல்லிய படலம் தனியே உரிந்து வரும்.

நாங்கள் ரோலையே நிறுத்திவிட்டோம். மேசைக்கு எவர்சில்வர் தகடு அடித்தோம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பந்திக்குப் பந்தி நேரம் இழுக்கும் என்று கேட்டரிங்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். இழுக்கத்தான் செய்தது. அதனால் வேலையைப் பிரித்தோம். முதலில் ஒருவர் கூடையோடு போய் கப்பு, கரண்டி, பல்குச்சி, டிஷ்யூவை மட்டும் பொறுக்குவார். பின்னாலேயே ஒருவர் இலையை மடித்துத் தொட்டியில் போடுவார். அவருக்குப் பின்னால் துடைப்பவர். இந்தக் கூடுதல் கூலியை மண்டபம்தான் கொடுக்க வேண்டும். கேட்டரிங்காரர் தலையில் கட்டினால் இரண்டு முகூர்த்தத்துக்கு மேல் ஓடாது.

தண்ணீர் பாட்டில்தான் பெரும்பாடு. இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைத்தால்தான் கௌரவம் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். வருபவர்கள் இரண்டு மடக்கு குடித்துவிட்டு மூடாமல் வைத்துப் போவார்கள். அது இலையில் கொட்டித் தொட்டி முழுக்கச் சகதியாகும். இப்போது ஜக்கும் எவர்சில்வர் டம்ளரும்தான்.

பிரித்த இலையை அக்கம்பக்கத்தில் மாடு வளர்ப்பவர்கள் எடுத்துப் போகிறார்கள். ஆனால் மாட்டுக்குச் சோறு கொடுப்பதில்லை. பசு ஒரேயடியாகச் சோறு தின்றால் வயிற்றில் அமிலம் கூடிப் படுத்துவிடும், உயிரே போகலாம். மாடு வைத்திருப்பவர்களுக்கே சிலருக்கு இது தெரியவில்லை. இலையில் மீந்த சோறு, குழம்பு எல்லாம் பின்புறம் உள்ள உரத்தொட்டிக்குப் போகிறது. ஈரம் மிஞ்சிக் காற்று புகாமல் போனால்தான் அது நாறும். ஒரு கூடை ஈரக் குப்பைக்கு இரண்டு கூடை சருகு, நார்க்கழிவு, பந்தல் பிரித்த கீற்றை நறுக்கியது என்று அடுக்கி, வாராவாரம் கிளறிவிட்டால் நாற்றம் இல்லை.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

அண்ணே, நீங்கள் சொல்வது திறந்தவெளி நிகழ்ச்சிக்கு இன்னும் பொருந்தும். நான் மேடை அமைக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் கடற்கரைச் சாலை ஓரம் பெரும்பகுதி கருங்கல் கொட்டியது. கல் இடுக்கில் விழுந்தது விழுந்ததுதான், குனிந்தாலும் கை எட்டாது.

இங்கே எனக்குப் பகை பாட்டில்கூட இல்லை, ஜிகினா. மேடையில் பாட்டு முடிந்ததும் ‘டப்’ என்று வெடித்து மின்னுமே, அது. பேப்பர் என்றுதான் விற்கிறார்கள், பாதிக்கு மேல் உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக். கடல்காற்று ஒரே வீச்சில் கல்மேல் கொண்டுபோய்ப் போட்டுவிடும். ஈரம் பட்டால் தரையில் ஒட்டிக்கொள்ளும். துடைப்பத்துக்கு வராது, நகத்தால்தான் கிள்ளி எடுக்க வேண்டும். பெருக்குகிற அம்மாக்கள் விடியற்காலையில் குந்தி உட்கார்ந்து அதைக் கிள்ளுவதைப் பார்த்த பிறகு எங்கள் ஒப்பந்தத்திலேயே ஜிகினா கிடையாது என்று எழுதிவிட்டோம். கேட்பவர்களுக்கு உதிரிப்பூ போட்டுக் கொடுக்கிறோம். சாமந்தி இதழ் மேலிருந்து விழும்போது போட்டோவிலும் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டம் வைத்தால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையை அங்கேயே பிரிக்க வேண்டும் என்றன. இதைச் சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள். முன்கூட்டிச் சொன்னால் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் மூட்டை நடுத்தெருவில் கிடக்கும், இரவோடு இரவாக நாய் கிழித்துவிடும்.

தேவனாம்பட்டினம், கடலூர்:

குப்பையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கடற்கரை விழாக்களில் வெளிச்சத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். பொரிக்க 45 முதல் 60 நாள். அப்படியானால் மே மாதம் வரைக்கும் குஞ்சு வெளிவரும் காலம். நம் ஊரில் கோடை விழா, கடற்கரைக் கச்சேரி, ரிசார்ட் கல்யாணம் எல்லாம் அப்போதுதான் களைகட்டும்.

குஞ்சுக்கு வழிகாட்டி கடல்பக்கத்து வெளிச்சம்தான். இருட்டுக் கரையில் அடிவானம் கொஞ்சம் வெளுத்திருக்கும், அதைப் பார்த்து இறங்கும். கரையில் ஃபோகஸ் லைட் எரிந்தால் மேடையை நோக்கித் திரும்பிவிடும். ஊர்ந்தே களைத்துப்போகும், நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும்.

ஒரு விழாவில் லைட் போடும் அண்ணனிடம் போய்ச் சொன்னோம். முதலில் ‘மேடை தெரியணும் தம்பி’ என்றார். கூட நடந்து வந்து மணலில் ஆமை போன தடத்தைப் பார்த்தார், டிராக்டர் டயர் போன மாதிரி இரண்டு பக்கமும் வரிவரியாக இருக்கும். பார்த்ததும் மறுபேச்சில்லை. கடலைப் பார்த்து நின்ற விளக்குகளை ஊர்ப்பக்கம் திருப்பினார், உயரத்தைக் குறைத்தார், பின்பக்கம் கீற்றுத்தட்டி கட்டினார். நிகழ்ச்சி முடிந்த உடனே மெயினை அணைத்தார். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, மின்சாரமும் மிச்சம். ஆகாத காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குறிஞ்சிப்பாடி:

வடலூர் தைப்பூசத்துக்குப் போகிற வழியில் அன்னதானம் போடுகிற குழுவில் இருக்கிறேன். 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலை இருக்கும் ஊர், அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்த ஊருக்குப் போகிற சாலை ஓரம் முழுக்க ஒருமுறைத் தட்டு குவிந்து கிடப்பது மனசுக்கு ஒப்பவில்லை. எவர்சில்வர் தட்டு வாங்கினோம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலையே இருக்கிறது, கரும்புச்சக்கைத் தட்டு போட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். தெர்மாகோலுக்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் கூட்டம் லட்சக்கணக்கில் வரும்போது மக்குகிற தட்டும் மலையாகத்தானே குவியும்?

தட்டு கழுவுவதில் தண்ணீர் வீணாகும் என்று பயந்தோம். குழாயைத் திறந்து விட்டால் வீணாகும்தான். வரிசையாகத் தொட்டிகள் வைத்தோம். முதலில் தேங்காய் நாரால் மிச்சத்தை வழித்துத் தனிக் கூடையில் தட்டிவிட வேண்டும், அடுத்தது சோப்புத் தண்ணீர், அடுத்தது அலசல், கடைசியில் நல்ல தண்ணீர். வழிப்பதை ஒழுங்காகச் செய்தால் அலசும் தொட்டி வெகுநேரம் தெளிவாகவே இருக்கும். சாப்பிட்டவரே கழுவி வைத்துவிட்டுப் போவார். வயதானவர்களிடம் பிள்ளைகள் ‘கொடுங்க தாத்தா’ என்று வாங்கிக் கழுவினார்கள். முக்கியமாக ஒன்று: தொட்டி வரிசை சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் பாதிப் பேர் தட்டைப் புல்லிலேயே வைத்துவிடுகிறார்கள்.

வில்லியனூர்:

மண்டப மேலாளர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. என் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாட்டில் கூடாது, ரோல் கூடாது என்று சொன்னால் பார்ட்டிகள் வேறு மண்டபம் பார்த்துப் போய்விடமாட்டார்களா?

மண்டப மேலாளர், கடலூர்:

போனவர்கள் உண்டு தம்பி, இல்லையென்று சொல்ல மாட்டேன். முன்பணம் கட்டின பிறகு சொன்னால் சண்டை வரும். அதனால் மண்டபம் பார்க்க வரும்போதே உணவுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் மேசையையும் டம்ளரையும் காட்டிவிடுகிறோம். பெண்கள் டம்ளரை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்ப்பார்கள், அழுக்கு வாடை இருக்கிறதா என்று. அதில் தேறிவிட்டால் பாதிப் பேச்சு முடிந்தது. வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்த டம்ளராக இருக்க வேண்டும், அதில் சமாதானமே கிடையாது. அப்புறம், ஆளுக்கு ஒரு பாட்டில் என்று காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினால் பெண் வீட்டுக்காரர்களே ‘ஜக்கே வையுங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். குடிநீர் எங்கள் பொறுப்பு என்பதால் அந்தச் செலவு அவர்களுக்கு இல்லை.

ரசீதில் அச்சிட்டிருப்பதை அப்படியே தருகிறேன். வேறு மண்டபத்தில் பேசும்போது காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறார்களா பார்ப்போம்:

“உணவுக்கூடத்தில் மேசை விரிப்பு, சிறிய தண்ணீர் பாட்டில், பூச்சுள்ள காகிதக் கப்பு, ஜிகினா வெடி ஆகியவை கூடாது. குடிநீர், ஜக்கு, டம்ளர் மண்டபத்தின் பொறுப்பு. இலை எடுக்கும் ஆட்கள் பிரித்துத் துடைத்து முடிக்கும்வரை அடுத்த பந்திக்கு இலை போடக் கூடாது.”